இ-ஹீல்ஸ் வினாத்தாள்: எங்கள் வார்டில் போட்டுப் பார்த்த கதை

வார்டுக்குப் புதிய கணினிப் பதிவு முறை வரப்போகிறது, யார் யாருக்குப் பயிற்சி வேண்டும் என்று கணக்கெடுங்கள் என்றார்கள். இன்சார்ஜ் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. தேடிப் பிடித்தது இ-ஹீல்ஸ். இணையத்தில் உடல்நலத் தகவலைத் தேடிப் பயன்படுத்தும் திறனை அளக்க நார்மன், ஸ்கின்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட வினாத்தாள். எட்டே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, கூட்டினால் 8க்கும் 40க்கும் நடுவில் ஒரு எண். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் நின்றபடியே நிரப்பிவிடலாம். களைத்துப்போன செவிலியரிடம் நாலு பக்கப் படிவத்தை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

பாராட்டு அவ்வளவுதான்.

வார்டிலேயே அதிகமாக 37 வாங்கியது ஒரு இளைய சிஸ்டர். 21 வாங்கிக் கடைசியில் நின்றது ஓய்வு பெறப்போகும் மூத்தவர். மறுவாரம் 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம். இளையவர் கைப்பேசிச் செயலியில் எடையைத் தட்டினார், 136 என்று வந்தது. மூத்தவர் எட்டிப் பார்த்து, "என்னடி இது, 300 வர வேண்டாமா?" என்றார். எடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் பவுண்டு என்று இருந்திருக்கிறது. "கவனிக்கவே இல்லையே அக்கா!" நல்லவேளை, மருந்து இன்னும் ஊற்றவில்லை.

அந்த 37 பொய்யில்லை. தனக்குத் தெரியும் என்று அந்தப் பெண் நம்பியது நிஜம். இந்தத் தாள் கேட்பதும் அந்த நம்பிக்கையை மட்டும்தான்: எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியும், நல்ல தகவலையும் மட்டமானதையும் என்னால் பிரித்தறிய முடியும், இப்படி. பிரித்துக் காட்டு என்று ஒரு இடத்திலும் கேட்காது. போதாததற்கு, முதலில் இதைச் சோதித்தது பதின்ம வயதினரிடம். இணையத்தில் தன் உடல்நலத்தைப் பற்றித் தேடுகிறவருக்குப் பொருந்தும் கேள்விகள். எங்கள் பாடு வேறு. அடுத்தவர் கடவுச்சொல்லில் பதிவு போடுவது, நோயாளியின் காயத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்புவது. இதையெல்லாம் இது தொடுவதே இல்லை.

இதே திறனை அளக்க 2017இல் நெதர்லாந்தில் உருவாக்கிய டிஎச்எல்ஐ என்ற இன்னொரு வினாத்தாள் இந்த விஷயத்தில் தேவலை. 21 கேள்விகள், ஏழு திறன்கள், அதில் தனியுரிமையும் ஒன்று. கூடவே செய்துகாட்டும் கேள்விகளும் உண்டு. ஆனால் அதுவும் பொதுமக்களை நினைத்து எழுதியதுதான், நீளமும் அதிகம்.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். பேச்சைத் தொடங்கி வைக்க இ-ஹீல்ஸ் போதும். பயிற்சிப் பட்டியலை மட்டும் அதை வைத்துப் போடாதீர்கள். நான் போட்ட பட்டியலில் மூத்தவர் பெயர் முதலில் இருந்தது, இளையவர் பெயரே இல்லை. இப்போது தாளோடு சேர்த்து ஒரு டோஸ் கணக்கையும் கொடுக்கிறேன், எடையைப் பவுண்டில் வைத்து.