அலுவலுக்காகச் சென்னை வருவோருக்குத் திருவல்லிக்கேணிச் சாப்பாடு

வெளி மாவட்டங்களிலிருந்து அலுவல் நிமித்தமாகச் சென்னைக்கு வருவோரின் நேரம் சுற்றுலாப் பயணியின் நேரம் போன்றதன்று. விடியற்காலையில் எழும்பூரில் இறங்கிக் குளித்துக் கிளம்பிப் பத்து மணிக்குள் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். கூட்டம் எப்போது முடியும் என்பதைக் கூட்டத்தை நடத்துபவராலேயே சொல்ல முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஊரைப் பார்க்கவும் உட்கார்ந்து சாப்பிடவும் வாய்க்கும், அப்போதும் பெரும்பாலும் உடன் யாரும் இருப்பதில்லை. ஆகவே இத்தகைய பயணத்தில் ஓர் உணவகத்தை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும் என்று கருதுகிறேன்: காலையில் நேரத்தோடு திறக்கிறார்களா, தனியாக வருபவரை மதித்து உட்கார வைக்கிறார்களா, கணக்கு பயணப்படிக்குள் அடங்குகிறதா. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் சென்னையில் திருவல்லிக்கேணிக்கு ஈடான பகுதி வேறில்லை என்பது, ஆய்வுக் கூட்டங்களுக்காகத் திருநெல்வேலியிலிருந்து சேப்பாக்கத்தில் உள்ள அரசு அலுவலக வளாகமான எழிலகத்துக்குப் பல ஆண்டுகளாக வந்து போய்க்கொண்டிருக்கும் என்னுடைய உறுதியான முடிவு.

இரண்டாவது கேள்விக்கு அதிக மதிப்பெண் தருகிறேன். நகரின் முக்கியச் சாலைகளில் உள்ள பெரிய உணவகங்கள் பலவும் குடும்பத்தோடு வருவோரை எண்ணி அமைக்கப்பட்டவை. அப்படிப்பட்ட ஓர் உணவகத்தில், “எத்தனை பேர்?” என்ற கேள்விக்கு “ஒருவர்தான்” என்று நான் பதில் சொன்னதும், காலியாக இருந்த மேசைகளையெல்லாம் கடந்து கை கழுவும் இடத்தை ஒட்டிய நாற்காலிக்கு அழைத்துச் சென்றார்கள். சாப்பாடு நன்றாகவே இருந்தது என்றாலும் மறுமுறை அங்கே போக மனம் வரவில்லை. திருவல்லிக்கேணியில் இந்த நிலை வராததற்குக் காரணம் அதன் வரலாற்றில் இருக்கிறது. வேலை தேடியும், வேலை கிடைத்தும், தேர்வுக்குப் படிப்பதற்காகவும் ஊரை விட்டு வந்த இளைஞர்கள் தங்கும் மேன்சன்கள் நிறைந்த பகுதி இது. சமையலறை இல்லாத அந்த அறைகளில் குடியிருந்தவர்களுக்குச் சோறு போடுவதற்காகவே இங்கு மெஸ்கள் வளர்ந்தன. தனியாளாகச் சாப்பிட வருபவர்தான் இங்கே இயல்பான வாடிக்கையாளர்.

அந்த மெஸ்களில் நான் முதலில் பரிந்துரைப்பது அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ். பணம் செலுத்தி எண்ணிட்ட டோக்கன் பெற்றுக்கொண்டு வெளியில் காத்திருக்க வேண்டும். எண்ணை அழைத்ததும் உள்ளே போய்க் காட்டிய இடத்தில் உட்கார வேண்டும். தனியாக வந்தவரும் நால்வராக வந்தவர்களும் இந்த வரிசையில் சமமே. உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு இலை எப்போது காலியாகும் என்று பார்த்திருக்கும் சங்கடம், மதிய வேளையில் சென்னையின் பல கடைகளிலும் உள்ளது. இங்கே அது அறவே இல்லை. சாப்பிடுபவரை யாரும் நெருக்குவதில்லை, சாப்பிட்டு முடித்தவர்களும் இலையின் முன்னால் உட்கார்ந்து கதை பேசுவதில்லை. வெளியில் காத்திருப்பவர்களும் அறிமுகமில்லாமலே, “உங்கள் எண் வந்துவிட்டது” என்று ஒருவருக்கொருவர் நினைவூட்டுவதைப் பார்க்கிறேன்.

வாழை இலையில் பரிமாறப்படுவது எளிமையான சைவச் சாப்பாடு: பொரியல், கூட்டு, அப்பளம், சோற்றுக்குச் சாம்பார், ரசம், மோர். விருந்து என்று இதைச் சொல்ல மாட்டேன். வீட்டில் வார நாளில் சமைப்பதற்குப் பக்கத்தில் வருகிறது என்பதே இதன் சிறப்பு. கூட்டில் தேங்காய் அளவோடு இருக்கிறது, ரசத்தில் மிளகும் சீரகமும் தெரிகின்றன, எண்ணெய் இலையில் தேங்குவதில்லை. மதியம் இதைச் சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் கூட்டத்தில் கண் சொருகாமல் உட்கார முடிகிறது. அலுவலுக்காக வருபவர்களுக்கு இதைவிட முக்கியமான தகுதி என்ன இருக்க முடியும்? ஆனால் எழிலகத்தில் உணவு இடைவேளை விட்ட பிறகு கிளம்பினால் கூட்டம் மிகுந்திருக்கும்; கொஞ்சம் முன்னதாக வெளியே வர முடிந்த நாளிலோ, இரவு உணவுக்கோ போவது நல்லது.

காலை உணவுக்கு ரத்னா கபே. இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கண்ணன் பிறந்த வடமதுரையிலிருந்து தெற்கே வந்த ஒரு குடும்பம், அதே கண்ணன் தேரோட்டியாக எழுந்தருளியிருக்கும் திருவல்லிக்கேணியில், 1948-ஆம் ஆண்டு இந்த உணவகத்தைத் தொடங்கியது. சாம்பாரோடு பிறந்து வளராத கைகள் தொடங்கிய கடை, சாம்பாருக்காகவே சென்னை முழுவதும் பெயர் பெற்றிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் உண்டாகின்றன. எந்த ஊரிலிருந்து வந்தவராயினும் கைப்பக்குவத்தால் தன்னைச் சேர்ந்தவராக்கிக்கொள்ளும் குணம் இந்த நகரத்துக்கு உண்டு.

இங்கு சாம்பார் இட்லி என்பது இட்லியும் தொட்டுக்கொள்ளச் சாம்பாரும் அல்ல. தட்டில் இரண்டு இட்லிகளை வைத்து, இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பாரை ஊற்றித் தருகிறார்கள். பரிமாறுபவர் கையில் ஜக்கோடு மேசை மேசையாக வந்துகொண்டே இருப்பார். தட்டில் சாம்பார் இறங்கியிருப்பது அவர் கண்ணில் பட்டால் கேளாமலே மறுபடி ஊற்றுவார். இந்த இட்லியைச் சாப்பிட ஒரு முறை இருக்கிறது. முதல் ஊற்றில் விளிம்பைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட வேண்டும்; அப்போது நடுப்பகுதி இன்னும் வெண்மையாக, புளிப்பு வாசனையோடு இருக்கும். இரண்டாவது முறை ஊற்றும்போது நடுப்பகுதி சாம்பாரை உறிஞ்சிப் பழுப்பு நிறமாகி, கரண்டி பட்டதும் பிளந்துகொள்ளும். மூன்றாவது முறை ஊற்றுவது, உதிர்ந்து கிடக்கும் இட்லித் துணுக்குகளோடு சேர்த்துக் கரண்டி கரண்டியாகக் குடிப்பதற்கு. சாம்பார் கெட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை. பருப்பு முழுதும் கரைந்து, காரம் தொண்டையில் நில்லாமல், மல்லியின் மணம் கடைசி வரைக்கும் வருகிறது. எங்கள் பக்கத்துச் சாம்பாரின் புளிப்புக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாயில் சற்று இனிப்பாகத் தோன்றலாம். அரைத் தட்டுக்குள் பழகிவிடும். முடித்துவிட்டு ஒரு காபி குடித்தால் பிற்பகல் வரைக்கும் தாங்கும். வார நாள்களில் ஏழு மணியளவில் போனால் அமைதியாகச் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

சாப்பிட்டதும் நடப்பதற்கு இந்தப் பகுதியைப்போல் வசதியான இடம் சென்னையில் குறைவு. மாலையில் எழிலகத்திலிருந்து வாலாஜா சாலை வழியாகத் திரும்பும்போது, 1768-இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டி முடிக்கப்பட்ட சேப்பாக்கம் மாளிகையைக் காணலாம். அரசு அலுவலகமாகிவிட்ட அந்தக் கட்டடத்தின் வளைவுகளை, கோப்போடு ஓடும் அவசரம் இல்லாத நேரத்தில்தான் நின்று பார்க்க முடிகிறது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு வந்தால் 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய மசூதி. ரமலான் மாதத்தில் இங்கு நோன்பு திறப்பவர்களுக்கான உணவை, பிரிவினைக் காலத்தில் சிந்து மாகாணத்திலிருந்து வந்த இந்துக்களால் உருவான சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாகச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். அந்த மாதத்தில் அலுவல் அமைந்தால் மாலையில் மசூதிப் பக்கம் போய், அவர்கள் பரிமாறுவதை ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

இன்னும் உள்ளே நடந்தால் பார்த்தசாரதி கோயில். மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையோடு நிற்பதும், உற்சவரின் திருமுகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள் இருப்பதும் இக்கோயிலுக்கே உரியவை. கோயிலை ஒட்டிய துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதியார் இறுதிக் காலத்தில் வாழ்ந்த வீடு நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. எட்டயபுரத்தானைச் சொந்த ஊர்க்காரனாகவே எண்ணிப் பழகிய எங்களுக்கு அந்த வாசலைக் கடந்து போவது எளிதன்று. 1921-இல் அவர் மறைந்தபோது வயது நாற்பதுகூட நிறையவில்லை.

அசைவம் வேண்டுவோருக்கு அண்ணா சாலையில் புகாரி இருக்கிறது. 1951-இலிருந்து இயங்கிவரும் உணவகம். சிக்கன் 65 இங்கேதான் 1965-இல் உருவானது என்று அவர்கள் சொல்லிவருகிறார்கள். பிரியாணியும் நன்று. தனியாளுக்கு அளவு கொஞ்சம் அதிகம் என்பதால் மதிய உணவை எளிதாக முடித்துக்கொண்ட நாளில் போகலாம்.

மாலையில் ஒரு நாளேனும் திருவல்லிக்கேணியை விட்டுக் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் போக வேண்டும். பறக்கும் ரயிலில் ஏறினால் சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை, பூங்கா நகர், கோட்டை, அதற்கடுத்துக் கடற்கரை நிலையம். சாலைப் போக்குவரத்தில் சிக்காமல் போய்விடலாம். நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரும், அதை ஒட்டிய தெருவில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளும் இருக்கின்றன. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர், தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய மறுவாழ்வுக்காக 1969-இல் அமைந்தது பர்மா பஜார். உடைமைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் நாக்கின் நினைவை விடவில்லை. அத்தோ அந்த நினைவுதான்.

வெந்து ஆறிய தடித்த நூடுல்ஸைக் கையளவு எடுத்து, மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், பூண்டு மணக்கும் எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். அடுப்பில் வாணலியை உலுக்கிச் செய்யும் நூடுல்ஸோடு இதற்கு உறவில்லை. எங்கள் ஊர்ப் புளிச்சோற்றைப் பிசைவதுபோல விரல்களால் புரட்டிப் புரட்டிச் சேர்ப்பதால்தான் புளிப்பும் காரமும் ஒவ்வோர் இழையிலும் பிடிக்கின்றன. கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப் தருவார்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் காரமும் வைத்துத் தரும் பேஜோவையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டே சாப்பிடும் கடைகள் ஆகையால் தனியாக வந்தோம் என்ற எண்ணமே எழுவதில்லை. இந்தக் கடைகளின் விருந்தோம்பலுக்கு ஏங்கியே சில மாலைகளில் கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று விரும்பியிருக்கிறேன்.

மயிலாப்பூருக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கலாம். திருவல்லிக்கேணியிலிருந்து பறக்கும் ரயிலில் மூன்றாவது நிறுத்தம் திருமயிலை. அருண்டேல் தெருவில் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸில் இட்லி, பொங்கல், வடை ஆகியவற்றோடு காரச் சட்னியும் காபியும் கிடைக்கும். இடம் சிறியது என்பதால் முந்தையவர்கள் எழும் வரை காத்திருக்க வேண்டும். பத்து மணிக் கூட்டம் இருக்கும் நாளில் அந்தக் காத்திருப்பு மனத்தை அலைக்கழிக்கும் என்பதால், கூட்டத்துக்கு மறுநாளோ விடுமுறை நாளோ சென்னையில் தங்கும்படி அமைந்தால் அப்போது போவதே முறை. கபாலீசுவரர் கோயிலையும் நிதானமாகப் பார்க்கலாம்.

தங்கும் இடத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருவல்லிக்கேணி மேன்சன்கள் ஆண்களுக்காக அமைந்தவை. உடன் வரும் பெண் அலுவலர்கள் எழும்பூரிலோ அண்ணா சாலைப் பக்கத்திலோ அறை எடுக்கிறார்கள். எழும்பூரிலிருந்து மெட்ரோவில் ஏறிச் சென்ட்ரலில் மாறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் எழிலகத்துக்கும் ரத்னா கபேவுக்கும் எளிதாக வந்துவிடலாம். மெஸ்களில் தனியாகச் சாப்பிடும் பெண்களை இப்போது எல்லா வேளைகளிலும் காண முடிகிறது. தயங்க வேண்டியதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். மேன்சனில் தங்கும் ஆண்களும் அறையை நேரில் பார்த்த பிறகே முன்பணம் தர வேண்டும். தெருவைப் பார்த்த அறைகளில் இரவு வெகுநேரம் வரை வண்டிச் சத்தம் ஓய்வதில்லை. உள்பக்கத்து அறை கேட்டு வாங்குவது நல்லது.

ஊர் திரும்பும் ரயிலுக்குக் கட்டிக்கொண்டு போக விரும்புவோர் சாம்பார் இட்லியை அப்படியே பொட்டலமாக வாங்க வேண்டாம். எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் இட்லி கரைந்துவிடும். இட்லியையும் சாம்பாரையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லி, வண்டி கிளம்பியதும் செங்கல்பட்டு வருவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஒரு தட்டும் ஒரு கரண்டியும் பையில் இருக்கட்டும்.