கவுன்சலிங் மாணவரை எப்படிச் சோதிப்பது? ரோல் பிளே, ஒலிப்பதிவு, மேற்பார்வையாளர் அறிக்கை: ஓர் ஒப்பீடு

கவுன்சலிங் படிப்பில் எழுத்துத் தேர்வு நடத்துவது பெரிய வேலையே இல்லை. கொள்கைகளைக் கேட்கலாம். ஒரு பிரச்சினையைக் கொடுத்து, 'இவரை எப்படி அணுகுவீர்கள்?' என்று எழுதச் சொல்லலாம். ஆனால் தாளில் அழகாக எழுதிய மாணவர், எதிரே ஒருவர் உடைந்து அழும்போது என்ன சொல்வார், எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார் என்பதெல்லாம் விடைத்தாளில் தெரியாது. மருத்துவக் கல்விக்காக ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த பிரமிடில் நான்கு படிகள் உண்டு: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்டுகிறார், நிஜ வேலையில் செய்கிறார். எழுத்துத் தேர்வு கீழே உள்ள இரண்டோடு நின்றுவிடும். மேலே உள்ள இரண்டையும் எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் பயிற்சி நிறுவனங்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன.

எல்லா முறைகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். கிளையன்டுக்குக் கெடுதல் செய்துவிடக்கூடிய மாணவரை இந்த முறை கண்டுபிடிக்குமா? சுமாரான ஆலோசகர் பழகப் பழகத் தேறிவிடலாம். கெடுதல் செய்கிறவர் கையில் சான்றிதழ் போய்விட்டால், அதற்கப்புறம் அவருடைய அறைக்குள் என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. செலவு, நேரம், எல்லோருக்கும் சமமான வாய்ப்பு எல்லாமே முக்கியம்தான். ஆனால் அவை இதற்கு அடுத்தபடிதான்.

சக மாணவரோடு ரோல் பிளே

இருப்பதிலேயே மலிவு இதுதான். இருவர் உட்கார்ந்து பேச, மூன்றாமவர் பார்த்துக் குறிப்பெடுப்பார். ஆலன் ஐவி 1960-களின் கடைசியில் உருவாக்கிய நுண்திறன் பயிற்சி ஏறக்குறைய இந்த வடிவத்தில்தான் இன்றும் நடக்கிறது. திறந்த கேள்வி, சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்வது, உணர்ச்சியைப் பிரதிபலிப்பது என்று ஒவ்வொரு திறனையும் தனித்தனியாகப் பழக இதைவிட நல்ல வழி கிடையாது.

தேர்வாக வைத்தால் கதை வேறு. கிளையன்டாக நடிப்பவர் கூடப் படிக்கிறவர். நண்பருக்கு மதிப்பெண் குறையக் கூடாது என்று கேட்ட கேள்விக்கெல்லாம் வாய் நிறையப் பதில் சொல்வார், சரியான இடத்தில் கண் கலங்குவார். கோபப்படுகிற, பேச மறுக்கிற, ஆலோசகரையே சந்தேகிக்கிற கிளையன்ட் இந்த அறைக்குள் வரவே மாட்டார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நடிக்கத் தெரியாதவர்கள் தங்கள் சொந்தத் துயரத்தையே எடுத்து வைத்துவிடுவார்கள். மதிப்பெண் போடுகிற ஆசிரியர் முன்னால் ஒரு மாணவர் தன் வீட்டுப் பிரச்சினையைத் திறந்து வைக்கும்படி ஆவது சரியே இல்லை. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணுக்கு வேண்டாம்.

பயிற்சி பெற்ற நடிகரோடு ரோல் பிளே

ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் மருத்துவ மாணவர்களுக்காக நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கினார். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன், மாணவர்கள் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து செய்துகாட்டும் தேர்வை வடிவமைத்தார். இரண்டும் சேர்ந்துதான் இன்று கவுன்சலிங் படிப்புகளுக்கும் வந்திருக்கின்றன. இதன் பெரிய பலம், எல்லா மாணவருக்கும் ஒரே கதை, ஒரே கடினம். அதைவிடப் பெரிய பலம், நீங்கள் பார்க்க நினைக்கும் ஆபத்தான தருணத்தை நீங்களே கதைக்குள் வைக்கலாம் என்பது.

உதாரணமாக, எட்டாவது நிமிடத்தில் நடிகர் சொல்ல வேண்டிய ஒரு வரி: "சில நாள் ராத்திரி, காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது." இந்த வரிக்கு மாணவர்கள் தரும் பதில்களைப் பாருங்கள். ஒருவர், "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, உங்களுக்குக் குழந்தைகள் இருக்காங்க இல்ல?" என்பார். இன்னொருவர், "ம்... தூக்கம் எப்படி இருக்கு?" என்று நழுவிவிடுவார். மூன்றாமவர், "அவ்வளவு பாரமா இருக்கு. உயிரை விட்டுடலாம்னு நினைச்சிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்பார். மூன்றாமவர்தான் சரி. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காமல் விட்டால்தான் கிளையன்ட் தனியாகிப் போகிறார்.

இனிதான் விஷயம். முதலாமவருக்குக் குரல் கனிவானது, கண் பார்த்துப் பேசுகிறார், திறந்த கேள்விகள் கேட்கிறார், அமர்வை அழகாக முடிக்கிறார். மொத்த மதிப்பெண் போட்டால் எழுபதைத் தாண்டித் தேறிவிடுவார். அந்த ஒரு பதில் கூட்டலில் காணாமல் போய்விடும். இதனால்தான் கோர்ட்டும் சக ஆய்வாளர்களும் நேபாளத்தில் உருவாக்கி 2015-இல் வெளியிட்ட, ஆலோசனை தருபவரின் அடிப்படைத் திறன்களை அளக்கும் 'எனாக்ட்' அளவுகோலின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படிப்பட்ட திறன்களை மதிப்பிட உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் நடத்தும் 'ஈக்விப்' இணையதளம் இப்போது பயன்படுத்தும் வடிவத்தில், ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிலைகள். முதல் நிலைக்கு 'திறமை குறைவு' என்று பெயர் இல்லை, 'கெடுதல் தரக்கூடிய நடத்தை' என்றே பெயர். கண்டிப்பது, குறைசொல்வது, கிளையன்டின் பேச்சை மட்டம் தட்டுவது எல்லாம் அங்கே தனியாகப் பதிவாகும். ஒரு திறனில் முதல் நிலை வந்தாலும் அது கண்ணில் படும்.

குறைகள் இல்லாமல் இல்லை. நடிகர்களைப் பழக்கக் காசும் நாளும் வேண்டும். காலையில் அழுத நடிகருக்கு மாலையில் கண்ணீர் வற்றிவிடும். பத்தாவது மாணவருக்குக் கிடைப்பது அதே கிளையன்ட் அல்ல. கிடைப்பதோ பதினைந்து, இருபது நிமிடம். அதற்குள் முதல் சந்திப்பைப் பார்க்கலாமே தவிர, ஐந்தாவது அமர்வில் உறவு எப்படி இருக்கும் என்று பார்க்க முடியாது. அப்புறம், மாணவர்கள் தேர்வுக்கென்றே ஒரு மொழி பழகிவிடுகிறார்கள். "நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்பதை நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னால், 'பரிவு காட்டினார்' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடும். டிக் பட்டியலை மட்டும் நம்பினால் நல்ல நடிகர்கள்தான் தேறுவார்கள். பட்டியலோடு, முழு அமர்வையும் பார்த்துத் தரும் ஒட்டுமொத்த மதிப்பீடும் வேண்டும்.

நடிகருக்கு வழியில்லாத இடத்தில் காணொளித் துண்டுகள் ஒரு மாற்று. கடினமான கிளையன்ட் ஒருவர் பேசும் துண்டைப் போட்டுக் காட்டிவிட்டு, 'இப்போது என்ன சொல்வீர்கள்?' என்று மாணவரின் பதிலைப் பதிவு செய்வார்கள். திமோத்தி ஆண்டர்சன் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 25 சிகிச்சையாளர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளையன்டுகள். இந்தச் சோதனையில் நன்றாகப் பதில் சொன்னவர்களின் கிளையன்டுகளே கூடுதலாகத் தேறினார்கள். சின்னச் சோதனை இவ்வளவு சொல்வது பெரிய விஷயம். ஆனாலும் அது ஒற்றைப் பதில். அந்தப் பதிலைக் கேட்டு கிளையன்ட் முகம் சுளித்தால் மாணவர் அடுத்து என்ன செய்வார் என்று அதில் தெரியாது.

நிஜ அமர்வின் ஒலிப்பதிவு

கார்ல் ரோஜர்ஸ் 1940-களின் தொடக்கத்திலேயே அமர்வுகளைப் பதிவு செய்து, 1942-இல் ஒரு கிளையன்டின் சிகிச்சையை முழுக்க எழுத்தாக வெளியிட்டார். அதுவரை மூடிய அறைக்குள் நடந்ததை, நடத்தியவர் சொல்லித்தான் மற்றவர்கள் அறிந்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் பயிற்சியில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியம் அதுதான்.

ஒலிப்பதிவில் தெரிவது நிஜம். கிளையன்ட் நிஜம், அமைதியும் நிஜம். ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். கிளையன்ட் சொல்கிறார்: "அம்மா போய் மூணு மாசம் ஆச்சு. எனக்கு அழுகையே வரல. எனக்கு என்ன கோளாறோ தெரியல." மாணவர் உடனே, "துக்கம் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி, இதுல தப்பே இல்ல" என்கிறார். கிளையன்ட், "சரி" என்கிறார். அப்புறம் பேச்சு வேலைக்குப் போய்விடுகிறது. சொன்ன தகவல் சரியானது, குரலும் அன்பானது. ஆனால் கிளையன்ட் திறந்த கதவு அந்த "சரி"யோடு மூடிவிட்டது. "அழ முடியாதது உங்களையே பயமுறுத்துது போல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கலாம். இந்த நுணுக்கம் டிக் பட்டியலில் சிக்காது, மாணவரின் சொந்த அறிக்கையிலும் வராது. அவர், 'கிளையன்டுக்கு ஆறுதல் கூறினேன்' என்றுதான் எழுதியிருப்பார்.

இங்கே நார்மன் கேகன் 1960-களில் கொண்டுவந்த முறை கைகொடுக்கும். பதிவை ஓட்டி, மாணவர் விரும்பும் இடத்தில் நிறுத்தி, 'அந்த நொடியில் உங்களுக்குள் என்ன ஓடியது?' என்று கேட்பது. "அவங்க அழுதுடுவாங்களோன்னு பயமா இருந்தது" என்று மாணவர் சொன்னால், அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, தாங்கத்தான் முடியவில்லை என்று புரியும். இந்த இரண்டுக்கும் தர வேண்டிய பயிற்சியே வேறு.

இதன் பலவீனம் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மாணவரையே கொண்டுவரச் சொன்னால் இருப்பதிலேயே நல்ல பதிவைத்தான் கொண்டுவருவார். கெடுதல் நடந்த அமர்வு வெளியே வராது. ஆகவே எந்த அமர்வு, அதில் எந்தப் பகுதி என்பதை மதிப்பிடுபவர் முடிவு செய்ய வேண்டும். ஊக்க நேர்காணலுக்கான (கிளையன்டுக்குள்ளேயே மாறும் விருப்பத்தைத் தூண்டும் பேச்சுமுறை) 'மிட்டி' அளவுகோலில் 20 நிமிடத் துண்டை ஏதேச்சையாக எடுத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கான திருத்திய அளவுகோலில் 12 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 72. 36 எடுத்தால் தேர்ச்சி என்பது பரவலான வழக்கம். அதிலும் முன்பு சொன்ன கூட்டல் சிக்கல் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது, கிளையன்டின் சம்மதம். பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மறுத்தாலும் சிகிச்சை நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, அதிர்ஷ்டம். ஒரு மாணவருக்கு மனம் திறந்து பேசுகிற கிளையன்ட், இன்னொருவருக்கு வாயே திறக்காதவர். ஒரே பதிவை வைத்துத் தீர்ப்பு சொல்வது அநியாயம். வெவ்வேறு கிளையன்டுகளின் பதிவுகள் தேவை.

மேற்பார்வையாளர் அறிக்கை

களப்பயிற்சியில் மாணவரைக் கண்காணிப்பவர் எழுதித் தருவது இது. பல இடங்களில் இறுதி முடிவு இதை வைத்துத்தான். அமெரிக்காவின் 'கேக்ரெப்' அங்கீகார விதிப்படி முதல் களப்பயிற்சி 100 மணி, அதில் 40 மணி நேரடியாகக் கிளையன்டோடு. அடுத்த கட்டம் 600 மணி, அதில் 240 நேரடி. மணிக்கணக்கு அனுபவத்தைக் காட்டும், திறமையைக் காட்டாது. ஒரே தவறை 240 மணி நேரமும் செய்ய முடியும்.

மேற்பார்வையாளருக்கு மட்டுமே தெரிகிற சில விஷயங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. மாணவர் நேரத்துக்கு வருகிறாரா, குறிப்புகளை ஒழுங்காக எழுதுகிறாரா, கிளையன்டோடு எல்லை காக்கிறாரா, திருத்தினால் ஏற்கிறாரா என்பதெல்லாம் எந்தப் பதிவிலும் முழுசாகத் தெரியாது. ஆனால் அமர்வுக்குள் நடப்பதைப் பற்றி அவர் எழுதுவது பெரும்பாலும் மாணவர் சொல்லக் கேட்டதுதான். நன்றாகக் கதை சொல்லும் மாணவருக்கு நல்ல அறிக்கை கிடைத்துவிடும். மாதக்கணக்கில் கூடப் பழகியவரைத் தோல்வி என்று எழுதவும் மனம் வராது. நடத்தைக்கு இவரிடம் கேளுங்கள். திறமைக்குப் பதிவைக் கேளுங்கள்.

மாணவர் தனக்கே போடும் மதிப்பெண், கிளையன்ட் போடும் மதிப்பெண்

2012-இல் வால்ஃபிஷ் குழு 129 மனநலப் பணியாளர்களிடம் தங்கள் திறமையைத் தாங்களே மதிப்பிடச் சொன்னது. சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கால்வாசிப் பேர் தங்களை முதல் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார்கள். அனுபவசாலிகளே இப்படியென்றால் மாணவரின் சுயமதிப்பெண்ணை முடிவில் சேர்க்கவே கூடாது. பதிவோடு பக்கத்தில் வைத்து, இடைவெளி எவ்வளவு என்று பேச மட்டும் அது பயன்படும்.

கிளையன்டிடம் அமர்வு முடிந்ததும் நான்கே கேள்விகள் கேட்கும் சிறு படிவங்கள் இருக்கின்றன. அவை மாணவர் தன்னைத் திருத்திக்கொள்ள அருமையான கருவி. மதிப்பெண்ணாக்கினால் கெட்டுவிடும். எதிரே இருக்கும் இளைஞரின் படிப்பு தன் கையில் என்று தெரிந்த கிளையன்ட் முழு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் போவார்.

எதை எங்கே வைப்பது

நிஜக் கிளையன்டைப் பார்க்க அனுப்பும் முன் பயிற்சி பெற்ற நடிகரோடு தேர்வு வையுங்கள். ஆபத்தான வரி ஒன்று கதைக்குள் கட்டாயம் இருக்கட்டும். கெடுதல் நிலை ஒரு திறனில் வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் நிறுத்துங்கள். நடிகர் கிடைக்காவிட்டால், மாணவருக்கு அறிமுகமே இல்லாத வேறு துறை ஊழியரைப் பழக்கலாம். சக மாணவர் மட்டும் வேண்டாம்.

படிப்பின் முடிவில் ஒலிப்பதிவு. மதிப்பிடுபவர் தேர்ந்தெடுத்த பகுதிகளை இருவர் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒருவர் மாணவரை முன்பின் தெரியாதவராக இருக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போகாத இடத்தில் சராசரி எடுக்காதீர்கள். அந்த நிமிடங்களை மறுபடி சேர்ந்து கேளுங்கள், பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும். ஒரே ஒரு முறைக்குத்தான் வசதி என்றால் நான் இதையே எடுப்பேன். மேற்பார்வையாளர் அறிக்கை தனித் தாளாக, நடத்தைக்கு மட்டும் கூட வரட்டும்.

தேறாத மாணவருக்கு வெறும் 'போதாது' என்று எழுதித் தரக் கூடாது. எந்தப் பதிவில், எத்தனையாவது நிமிடத்தில், கிளையன்ட் என்ன சொன்னார், மாணவர் என்ன பதில் தந்தார், அது ஏன் கெடுதல், அடுத்த முறை எப்போது, அதற்குள் யாரோடு உட்கார்ந்து பழகுவது என்று அந்தத் தாளில் இருக்க வேண்டும்.