ரைபிள் ஆட்டத்தை நிறுத்தித் தருகிறேன் என்று 385 டாலர் வாங்கி, துப்பாக்கியின் கீழ்ப்பாதியையே பாழாக்கிய கடை: டெக்சாஸ் நண்பர்கள் கவனிக்கவும்

நேற்று சாயங்காலம் ஐந்தாவது முறையாக அந்தக் கடைக்குப் போய், ஒரு டாலர்கூடத் திரும்ப வாங்க முடியாமல் வந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டத்தைச் சரிசெய்ய என்னென்ன வழி இருக்கிறது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். குடியுரிமை வந்த பிறகு முறைப்படி வாங்கிய ஏ.ஆர்.-15 ஒன்று என்னிடம் இருக்கிறது. அப்பர் (பேரல், அதாவது குழல் இருக்கும் மேல்பாதி) ஒரு கம்பெனி, லோயர் (விசை இருக்கும் கீழ்ப்பாதி) வேறொரு கம்பெனி. இரண்டையும் முன்னால் ஒரு பின் (குறுக்கே செருகும் சிறு உலோகக் கம்பி), பின்னால் ஒரு பின், ஆக இரண்டே பின்கள் சேர்த்துப் பிடிக்கின்றன. என்னுடையதில் பின்பக்கம் கொஞ்சம் ஆட்டம். தோளில் வைத்து லேசாகத் திருகினால் 'லொடக்' என்று ஒரு சத்தம். சுடுவதில் அதுவரை எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பெரியப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் ஆட்டம் இருந்தால் அது வேலையே இல்லை என்பார். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

நெடுஞ்சாலை ஓரத்துக் கடைவரிசையில் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடை. பெயர் சொல்லப்போவதில்லை. முன்னால் விற்பனை, பின்னால் பட்டறை. கல்லாவில் இருந்தவர் ரைபிளை வாங்கினார். குண்டுகள் அடைக்கும் மேகசினைக் கழற்றினார், குண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்தார், விரலை விட்டும் பார்த்தார். அந்த ஒழுங்கைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் சுவரிலிருந்து தன் சொந்த ரைபிள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, முறுக்கிப் பார்க்கச் சொன்னார். ஒரே கட்டியாக வார்த்தது போல இருந்தது, துளி ஆட்டம் இல்லை. உங்களுடையதையும் இப்படியே ஆக்கித் தருகிறேன் என்றார். நூறு கஜத்தில் குண்டுகள் எவ்வளவு அகலத்தில் விழுகின்றன என்று கேட்டார். இரண்டு அங்குலம் என்றேன். இந்த ஆட்டம்தான் காரணம், இதை நிறுத்தினால் பாதியாகக் குறையும் என்றார். அந்த வார்த்தையில்தான் விழுந்தேன்.

துளைகளை ரீமர் போட்டுச் சீராக்கி, தடித்த பின்கள் பொருத்தி, அப்பரின் பின்பக்க லக் (பின் நுழையும் துளையுள்ள காது) உட்காரும் குழிக்குள் எபாக்ஸிப் பசை ஊற்றிப் படுகை அமைப்பது வேலை. ஒரு வாரம் ஆகும், 385 டாலர். ரொக்கமாகக் கொடுத்தால் வரி போக வேறெதுவும் இல்லை, கார்டு என்றால் கூடுதல் கட்டணம் என்றார். பக்கத்து ஏ.டி.எம்.முக்குப் போய் எடுத்து வந்து முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் 'ஃபிட்டிங் வேலை' என்று இரண்டே வார்த்தை. துளை அளவு, பின் அளவு எதுவும் கிடையாது. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வாரம் நான்கு வாரமானது. போன் செய்தால், பின்கள் வரவில்லை. அடுத்த வாரம், பட்டறைக்காரருக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்து, எபாக்ஸி இறுகிக்கொண்டிருக்கிறது. எபாக்ஸி ஒரு நாளில் இறுகிவிடும் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் சரி என்று காத்திருந்தேன்.

வாங்கி வந்த அன்று உண்மையிலேயே ஆடவில்லை. ஆனால் சுத்தம் செய்யலாம் என்று பிரித்தால் பின் வரவில்லை. விரலால் தள்ளினாலே கழன்றுவர வேண்டிய பின் அது. நைலான் சுத்தியலும் பஞ்ச் என்கிற தட்டுக்கம்பியும் வைத்துத் தட்ட வேண்டியிருந்தது. அதற்கும் கடையில் பதில் தயாராக இருந்தது: புதுசு, போகப் போகப் பழகிவிடும். அடுத்த சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனேன். நூறு ரவுண்டுக்கு மேல் போயிருக்காது, மறுபடி 'லொடக்'. முன்பைவிட அதிகமாக. வீட்டுக்கு வந்து திறந்தால் எபாக்ஸி துண்டு துண்டாக உடைந்து கிடக்கிறது. கொஞ்சம் முன்பக்கம் வழிந்து, சுடாமல் பூட்டி வைக்கும் சேஃப்டி லிவர் பாதித் தூரத்தில் நின்றுபோகிறது. சேஃப்டி நண்பர்களே, சேஃப்டி! வீட்டில் குழந்தை இருக்கிறது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது இந்த வீட்டுலயே வேணாங்க" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

ரேஞ்சில் பழக்கமான தம்பி ஒருவர், ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) என்னை அழைத்துப் போனார். அவர் பின்னைத் தட்டி எடுத்து, துளைக்குள் விளக்கை அடித்துக் காட்டினார். ரீமரே போடவில்லை. சாதாரண டிரில் பிட்டை விட்டுக் கையால் குடைந்திருக்கிறார்கள். துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். கறுப்பு அனோடைஸ் பூச்சு போய் உள்ளே அலுமினியம் வெள்ளையாகப் பளபளக்கிறது. அந்தப் பூச்சுதான் கடினமான மேல்தோல், அது போனால் தேய்மானம் வேகமாக இருக்கும் என்றார். இந்த லோயரை இனி நம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அதைவிட வயிற்றெரிச்சல் அவர் அடுத்துச் சொன்னது. இந்த ரைபிளில் சுடும்போது சேம்பரை அடைக்கும் போல்ட் போய்ப் பூட்டிக்கொள்வது பேரலின் பின்முனையில் இருக்கும் எக்ஸ்டென்ஷனில். பேரல், போல்ட், ஸ்கோப் மூன்றும் அப்பரிலேயே இருக்கின்றன. லோயர் கொஞ்சம் ஆடினாலும் ஸ்கோப்புக்கும் பேரலுக்கும் இடையில் எதுவும் மாறுவதில்லை. குறி தவறுவதற்கு இந்த ஆட்டம் காரணமாவது மிக அபூர்வம். 1950களில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்ததே, கருவி இல்லாமல் கையால் பிரித்துச் சுத்தம் செய்யும்படிதான். ஒரு கம்பெனி அப்பர் இன்னொரு கம்பெனி லோயரில் உட்கார வேண்டுமானால் கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ராணுவத்தில் அவர் கைக்கு வந்த எம்16கள் (இதே ரைபிளின் ராணுவ வடிவம்) பலவும் லொடலொடவென்றுதான் இருந்தனவாம். தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணா, பத்து டாலருக்குள்ள ஒரு ரப்பர் துண்டுல முடிஞ்சிருக்கும்" என்றார். பத்து டாலர். நான் கொடுத்தது 385.

திரும்பக் கடைக்குப் போனேன். முதலில், உரிமையாளர் ஊரில் இல்லை. அடுத்த முறை, நீங்கள் தப்பான எண்ணெய் போட்டிருப்பீர்கள். மூன்றாவது முறை, வெளியாள் கழற்றிப் பார்த்துவிட்டார், அதனால் எங்கள் உத்தரவாதம் செல்லாது. அப்படி ஓர் உத்தரவாதம் இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்! நான்காவது முறை ஒரு மணி நேரம் நிற்க வைத்து, பட்டறைக்காரர் சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள். நேற்று, கூலிக்குப் பணம் திரும்பத் தருவதில்லை என்று கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய ஓர் அட்டையைக் காட்டினார்கள். முதல் நாள் அந்த அட்டை அங்கே இல்லை. சத்தியமாக இல்லை. அன்றைக்கு அவ்வளவு ஒழுங்காக சேம்பரைப் பார்த்த அதே ஆள், நேற்று என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

385 டாலரோடும் முடியவில்லை. சட்டப்படி துப்பாக்கி என்பதே சீரியல் நம்பர் பொறித்த அந்த லோயர்தான். புதுசு வாங்க மறுபடி உரிமம் உள்ள கடைக்குப் போய், துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்தாக வேண்டும்.

வழிகளை விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். மேகசின் கழற்றி, சேம்பர் காலி என்று இரண்டு முறை பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். ஆட்டம் தொந்தரவாக இருந்தால் முன்பக்க லக்கைச் சுற்றி ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், அல்லது பின்பக்க லக்குக்கு அடியில் அக்யூவெட்ஜ் மாதிரி ரப்பர் ஆப்பு போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் எடுத்துப் போட்டுவிடலாம். சில லோயர்களில் ஆட்டத்தை இறுக்க நைலான் முனை ஸ்க்ரூவே இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். யாராவது துளையைக் குடைய வேண்டும் என்றால் ரைபிளை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டாம், ரொக்கம் வேண்டவே வேண்டாம். கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருப்பேன். என்ன வேலை, என்ன அளவு என்று எழுதி வாங்குங்கள். கொடுக்கும் முன் துளைகளைப் போட்டோ எடுங்கள். என்னிடம் போட்டோ இல்லை, அதுதான் இப்போது இடிக்கிறது.

டெக்சாஸில் 20,000 டாலர் வரையிலான வழக்குகளை ஜஸ்டிஸ் கோர்ட் என்கிற சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்துக்கு எதிரான மாநிலச் சட்டத்தின்படி போனால் 60 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸை ராத்திரியே எழுதிவிட்டேன். அந்தக் கன்ஸ்மித் எழுதிக் கொடுத்த ஒரு பக்க அறிக்கையும், 385 டாலர் ரசீதின் நகலும் சேர்த்து உறையில் போட்டாயிற்று. தபால் ஆபீஸ் திறந்ததும் பதிவுத் தபாலில் அனுப்பப் போகிறேன்.