முதல் வார்டு போஸ்டிங் பயம்: தசைத் தளர்வுப் பயிற்சியா, சிபிடியா?

பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளின் பதற்றத்துக்கு எங்கள் கல்லூரியில் எதைத் தொடர்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கையில் இருந்தவை இரண்டு: அமெரிக்க மருத்துவர் ஜேக்கப்சன் உருவாக்கிய தசைத் தளர்வுப் பயிற்சி, சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் குழு அமர்வு. நான் சிபிடி பக்கம்தான் நின்றேன்.

தளர்வுப் பயிற்சி சுலபம். கால் விரலில் தொடங்கி நெற்றி வரை ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்த வேண்டும். ஒரு ஹாலும் பாயும் போதும். வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு முந்தின இரவு தூக்கம் வராதவர்களுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது.

வார்டில் நடப்பது வேறு. ஊசி போடப் பயப்படும் மாணவி பெட் மேக்கிங், டெம்பரேச்சர் சார்ட் என்று வேறு வேலைகளை வலியக் கேட்டு வாங்கிக்கொள்வாள். அப்போதைக்கு நிம்மதி. அந்த நிம்மதியே பயத்துக்குத் தீனி. அடுத்த முறை சிரிஞ்சை எடுக்கவே கை வராது. தசையைத் தளர்த்துவதால் இந்தப் பழக்கம் மாறுவதில்லை.

சிபிடி அங்கேதான் கை வைக்கிறது. நடந்தது என்ன, மனசில் ஓடியது என்ன, பயம் நூற்றுக்கு எவ்வளவு, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன என்று நோட்டில் எழுத வேண்டும். “கை நடுங்கும், நோயாளி கத்துவார், சிஸ்டர் எல்லார் முன்னாலும் திட்டுவார், நான் நர்ஸ் வேலைக்கே லாயக்கில்லை” என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். முதல் மூன்றும் நடக்கக்கூடியவைதான். அவை நடந்தாலும் நான்காவது உண்மையாகிவிடாது என்பதை அவளே கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் படிப்படியாக மருந்துக் குப்பியிலிருந்து சிரிஞ்சில் மருந்தை இழுப்பது, பொம்மையில் குத்திப் பழகுவது, சீனியர் போடும்போது பக்கத்தில் நிற்பது, கடைசியில் டியூட்டர் அருகிலிருக்க நோயாளிக்குத் தானே போடுவது. அமர்வுகள் முடிந்தபின் நைட் டியூட்டியில் தனியாக நிற்கும்போதும் இதே முறையை அவளால் தானாகச் செய்ய முடியும். என் முடிவுக்கு இதுதான் காரணம்.

செலவும் உண்டு. பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும், போஸ்டிங் அட்டவணையில் வாராவாரம் நேரம் ஒதுக்க வேண்டும். இன்டர்னல் மார்க் போடும் டியூட்டர் அமர்வை நடத்தவே கூடாது. மனசுவிட்டு யாரும் பேச மாட்டார்கள்.

விடுதியில் வீட்டு ஏக்கம், தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தோடு போராடுவது ஆகியவற்றில் சிபிடி எவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. அங்கே நல்ல சீனியர் அக்கா ஒருத்தி துணையாக இருப்பதே பெரிது என்று தோன்றுகிறது.

சாப்பாடும் தூக்கமும் கெட்டு, உயிர்மேல் வெறுப்பாகப் பேசும் மாணவிக்கு இந்த இரண்டுமே போதாது. அவளை உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். நள்ளிரவானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். விடுதி அறிவிப்புப் பலகையில் இந்த எண்ணை ஒட்டி வையுங்கள்.