முடிச்சு ஹால்டரும் பன்னிரண்டடிக் கயிறும்: மூன்று வருடம் நடந்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. ஏறத் தெரிந்தவள் என் தோழி. குதிரையும் அவளுடையதுதான். நான் கூட நடப்பவள், அவ்வளவே. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாகூர் போவேன். அவள் தோப்பிலிருந்து சிட்டுவை அவிழ்த்துக்கொண்டு இரண்டு பேரும் ஏரிக்கரையில் நடப்போம். 2022 கடைசியில் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

சிட்டு மார்வாரிக் கலப்பு. அசல் மார்வாரிக்குக் காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். இவளுக்குத் தொடுவதற்கு விரற்கடை பாக்கி. முன்னங்காலில் தசைநார் காயம்பட்டபோது, "நாலு மாசம் யாரும் ஏறக்கூடாது, கையில பிடிச்சு நடத்துங்க, முதல்ல பத்து நிமிஷம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க" என்றார் கால்நடை மருத்துவர். தோழிக்கு அழுகையே வந்துவிட்டது. ஏறாமல் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டாள். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது, டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். சரி, மூன்று பேருமாக நடப்போம் என்று கிளம்பினோம்.

ஹால்டர் என்றால் வாய்க்குள் கடிவாள இரும்பு இல்லாமல் குதிரையின் தலையில் மாட்டிப் பிடித்து நடத்துகிற தலைக்கட்டு. முதலில் வாங்கியது இணையத்தில் மலிவாகக் கிடைத்த பட்டை ஹால்டர். பார்க்க நன்றாக இருந்தது, பித்தளை நிறக் கொக்கியெல்லாம் வைத்து. பித்தளை நிறம்தான், பித்தளை இல்லை. மூன்றாவது வாரம் கரும்பு டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்ததில் சிட்டு தலையை உதறினாள். கொக்கி என் கையில், குதிரை யாரோ ஒருவருடைய நாற்றங்காலில். நாற்றுக்குப் பணம் கொடுத்துக் கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். விற்றவருக்குப் புகார் எழுதினால், "கொக்கி உத்தரவாதத்தில் சேராது" என்று பதில் வந்தது.

அதன் பிறகுதான் கயிற்று ஹால்டர். இதில் கொக்கியோ வளையமோ கிடையாது, எல்லாமே முடிச்சு. வெளியூரிலிருந்து யாரோ வந்தபோது ஹால்டரைத் தோழி வாங்கிவரச் சொன்னாள். பிடிகயிறு மட்டும் நம் ஊர்ச் சரக்கு. கடலூர் முதுநகரில் மீன்பிடி சாமான் விற்கும் கடைகளில் கயிற்றை எடை போட்டுத்தான் தருவார்கள். விரல் பருமனில் முப்புரிப் பாலியெஸ்டர் கயிறு, பன்னிரண்டு அடி. படகு வேலை பார்க்கும் ஒரு பெரியவர் ஒரு முனையில் புரி பிரித்துக் கண்ணி பின்னிக் கொடுத்தார். எதற்கென்று கேட்டார். குதிரைக்கு என்றதும் கண்ணியை அவிழ்த்து இன்னும் இரண்டு சுற்று கூட்டிப் பின்னினார். மூன்று வருடத்தில் அந்தக் கண்ணி மட்டும் ஒரு நூல்கூட நகரவில்லை.

கயிறு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பச்சை, நீல நிறத்தில் பளபளவென்று வரும் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். விறைப்பாக இருக்கும், வெயிலில் சிம்பு சிம்பாக உதிரும், உள்ளங்கையைக் கிழித்துவிடும். பருத்திக் கயிறு கைக்குச் சுகம்தான், ஆனால் ஐப்பசி மழைக்கு இரண்டே வாரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. கயிறு கொஞ்சம் கனமாகவும் இருக்க வேண்டும். கனம் இருந்தால்தான் நம் கை லேசாக அசைவது அந்த முனை வரை போய்ச் சேரும்.

இனி முக்கியமான விஷயம். ஏரிக்கரையில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது, "மூக்கணாங்கயிறு போடலியா? இந்தச் சுண்டைக்காய்க் கயித்துக்கு அது எப்படி அடங்கும்?" நானும் அப்படித்தான் நினைத்தேன். கயிறு என்றால் இழுப்பதற்கு. மாட்டை இழுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. மூன்று மாதம் இழுத்தேன். நான் இழுக்க இழுக்க அவள் தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்வாள். முந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இருக்கிற உடம்போடு கயிறிழுப்புப் போட்டி நடத்தினால் யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹால்டர் மெல்லிய கயிறு என்பதால் மூக்கெலும்பின் மேல் விழும் அழுத்தம் குறுகலாக, கூர்மையாகத் தெரியும். பட்டை ஹால்டரில் அது பரவிவிடும், குதிரை அதன்மேல் சாய்ந்துகொள்ளும். ஆனால் அழுத்தம் எதையும் கற்றுத்தருவதில்லை. அது விலகுகிற நொடிதான் கற்றுத்தருகிறது. முன்னே வா என்று கயிற்றைக் கொஞ்சம் இறுக்குகிறோம். அவள் கால்கூட எடுக்க வேண்டாம், உடம்பின் எடையை முன்பக்கம் மாற்றினாலே போதும், உடனே தளர்த்திவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால், எதற்காகத் தளர்ந்தது என்று அவளுக்குப் புரியாது. ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து ஓட்டுகிற பிராணி. அதற்கு என் முரட்டுக் கை எவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இது கைக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆனது. தோழிக்கு இன்னும் கூடுதலாக. ஏறிப் பழகியவர்களுக்குக் கடிவாளம் கையில் எப்போதும் ஒரு தொடர்பில் இருக்கும் போலிருக்கிறது. தரையில் நின்றபோதும் அவள் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். "தளத்துடி" என்று நானும், "நீ யாருடி எனக்குச் சொல்லிக்குடுக்க" என்று அவளுமாக ஏரிக்கரையில் சண்டை நடக்கும். நடுவில் நின்று சிட்டு கோரை மேய்ந்துகொண்டிருப்பாள்.

இரண்டு பேர் சேர்ந்து பழக்குவதில் உள்ள கஷ்டமே இதுதான். அவள் நாக்கைச் சொடுக்கினால் "நட". நான் பூனையைக் கூப்பிடச் சொடுக்குவேன். அவள் நிற்கச் சொல்ல மூச்சை வெளியே விடுவாள், நான் "ஏய் நில்லு" என்பேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். கயிறு யார் கையிலோ, பேச்சும் அவருக்கே. மற்றவர் வாயை மூடிக்கொண்டு குதிரையின் காதையும் வாலையும் பார்க்க வேண்டும், வீடு திரும்பிய பிறகுதான் குறை சொல்லலாம். தனியாக நடத்துகிறவர்களுக்கு இந்த இரண்டாவது கண் கிடைக்காது. கயிறு பிடித்திருப்பவருக்குத் தன் தோள் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று தெரியவே தெரியாது.

இடப்பக்கமாகவே பிடித்து நடப்பது பழைய வழக்கம். இடது இடுப்பில் வாள் தொங்கிய காலத்து மிச்சம் என்பார்கள். நாங்களும் அப்படியே நடந்தோம். ஒருநாள் வலப்பக்கம் மாறிப் பிடித்ததும் சிட்டு என்னைப் புது ஆளைப் போலப் பார்த்தாள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை வரை தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் குருடு. அப்படியிருந்தும் இடப்பக்கத்தில் கற்றதையெல்லாம் வலப்பக்கத்தில் மறுபடி ஆரம்பத்திலிருந்து காட்ட வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இரண்டு பக்கமும் நடந்துவிடுங்கள்.

அய்யனார் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் போகிற வழியில் ஒரு சின்ன அய்யனார் கோவில், வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிமெண்டுக் குதிரை. ஒரு வருடமாக அதைத் தாண்டித்தான் போய் வந்தோம், சிட்டு திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. திருவிழாவுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வெள்ளை உடம்பு, சிவப்பு வாய், உருட்டி விழித்த கண். அன்று முப்பதடி தூரத்திலேயே நின்றுவிட்டாள். மூக்கில் ஒரு சீறல், கழுத்து பாறை மாதிரி. பூசாரி சிரித்தார், "குதிரையப் பாத்து குதிரைக்கே பயமாம்மா?" இழுத்துக்கொண்டு போயிருந்தால் அன்றே தாண்டியிருக்கலாம், அதற்கப்புறம் தினமும் இழுக்க வேண்டியிருந்திருக்கும். நாங்கள் அந்த முப்பதடியிலேயே நின்றோம். தலையைத் தாழ்த்தி ஒருமுறை வாயை மென்றாள், பயம் கொஞ்சம் தணிந்ததற்கு அடையாளம். அதோடு திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் இருபத்தைந்தடி. பதினோராம் நாள் சிமெண்டுக் காலை முகர்ந்துவிட்டுப் பக்கத்திலிருந்த அருகம்புல்லில் வாய் வைத்தாள். பூசாரி அவளுக்கும் கொஞ்சம் பொங்கல் நீட்டினார். வேண்டாம் என்று தடுக்க வேண்டியதாயிற்று. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, ஒத்துக்கொள்ளாதது உள்ளே போனால் வயிற்றுவலியில் புரண்டு உயிரே போய்விடக்கூடும்.

இந்தக் கயிறு தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது ஃபெஞ்சல் புயலின்போது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மனசு கேட்காமல் முன்கூட்டியே தோழி வீட்டுக்குப் போய்விட்டேன். மழையைக்கூடச் சமாளித்துவிட்டோம். டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோதுதான் தோப்புக்குள் வெள்ளம் ஏறியது. இருட்டு, கரண்ட் இல்லை, முழங்கால் தண்ணீர். மேட்டில் ஒரு நெற்களம், அரை கிலோமீட்டர் இருக்கும். ஏறி ஓட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். "பள்ளம் எங்கன்னு எனக்கே தெரியல, அது மேல உக்காந்து என்னத்தடி பண்றது" என்றாள்.

அவள் மூங்கில் கம்பால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு முன்னால் போனாள். நான் கயிற்றோடு பின்னால். தோப்பு வாசலில் தண்ணீர் சுழித்த இடத்தில் சிட்டு நின்றுவிட்டாள். அவளுக்கு அது தண்ணீரா, அடியில்லாத பள்ளமா என்று தெரியாது. லேசாக இறுக்கினேன். குளம்பு ஒன்று அசைந்தது, தளர்த்தினேன். அடுத்த குளம்பு, தளர்த்தினேன். உதவிக்கு வந்த டிராக்டர்காரர் பெரிய விளக்கைப் போட்டதும் அவள் நிழலே அவளை மிரட்டியது, அணைக்கச் சொல்லிக் கத்தினோம். நாற்பது நிமிடம் ஆனது. களத்தில் ஏறியதும் உடம்பை ஓர் உதறு உதறினாள். நாங்கள் மறுபடி முழுதாக நனைந்தோம்.

குறைகளும் நிறைய உண்டு. நனைந்தால் முடிச்சு இறுகி, அவிழ்க்கப் பல்லும் ஆணியும் தேவைப்படும். கன்னத்தருகே போடும் முடிச்சின் வால் கண்ணைப் பார்க்காமல் பின்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நான் ஒருநாள் மறந்ததில் கண்ணில் நீர் வடிந்தது. மூக்குப் பட்டை கன்னத்தெலும்புக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும். இன்னும் கீழே இறங்கினால் மெத்தென்ற பகுதி நசுங்கும். ஹால்டரைக் கழற்றாமல் விட்ட ஒரு வாரத்தில் மூக்கின் மேல் முடி உதிர்ந்தது. எல்லாவற்றையும்விட, இதைப் போட்டுக் கம்பத்தில் கட்டாதீர்கள். மிரண்டு பின்னால் இழுத்தால் கயிறு அறாது, கழுத்துதான் போகும். கட்ட நாங்கள் தோல் ஹால்டரே வைத்திருக்கிறோம். அது அறுந்துவிடும், அறுவதுதான் அதன் வேலை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. சுருளை மடித்துப் பிடிக்கலாம். எனக்கு இடது கை சுண்டுவிரலில் தழும்பு இருக்கிறது.

இனிச் சொல்வது சாமானின் குறை இல்லை, நம் கடற்கரையின் குறை. சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்கு மேல் நடக்கவே முடியாது. ஈரப்பதம் அதிகமான வெப்பத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். தோல் காய்ந்து கிடக்க, நாய் மாதிரி மூச்சு வாங்கும். சென்ற கோடையில் சிட்டுவுக்கு வியர்வை குறைந்த மாதிரி தெரிந்ததும் பயந்துபோய் வெப்பமானி வாங்கினோம். சும்மா இருக்கும்போது 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். நடந்து வந்து, தண்ணீர் ஊற்றிய பிறகும் இறங்கவில்லை என்றால் மருத்துவருக்கு போன். இதுவரை ஒரு தடவைதான் அடிக்க வேண்டி வந்தது.

கால் குணமாகி இரண்டரை வருடம் ஆகிறது. தோழி மறுபடி ஏறுகிறாள், ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான். ஏறும் நாட்களில் முன்பைவிடச் சிட்டுவின் வாய் லேசாகிவிட்டது என்கிறாள், கடிவாளத்தைத் தொட்டாலே நிற்கிறதாம். எனக்கு அதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை இல்லை. என்னை ஏற்றிவிட இரண்டு முறை முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டாள்.

போன மாதம் முதுநகர் போய்ப் புதுக் கயிறு வாங்கினோம். பழையது வெயிலில் வெளுத்து நாராகத் தொடங்கியிருந்தது. அந்தப் பெரியவர் இப்போது கடைப்பக்கம் வருவதில்லையாம், அவர் மகன்தான் கண்ணி பின்னினான், ஒழுங்காகத்தான் இருக்கிறது. பழைய கயிறு எங்கள் கொல்லையில் துணிக்கொடி ஆகியிருக்கிறது. மழை ஈரம் பட்டால் புடவையிலெல்லாம் குதிரை வாசம் என்று மாமியார் திட்டுகிறார்.