லினக்ஸுக்கு ‘லைசன்ஸ் காசு’ கேட்டால் கொடுக்காதீர்கள்: திருகோணமலையில் எங்களுக்கு நடந்தது

திருகோணமலை டவுனில் பழைய லப்டொப்பை லினக்ஸ் போடக் கொடுக்க நினைத்திருப்பவர்கள், கொடுக்கும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளம். அதன் வகைகளான லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் போன்றவற்றை வீட்டு லப்டொப்பில் போட லைசன்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையாது. வருடா வருடம் காசு கட்டிப் புதுப்பிக்கவும் தேவையில்லை. எங்களிடம் அந்தப் பெயரில் காசு வாங்கினார்கள். அதோடு நிற்காமல், லப்டொப்புக்குள் இருந்த ராம் நினைவகத்தில் பாதியும் போய்விட்டது.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். இதே கதையைச் சொல்லி இன்னொரு வீட்டில் காசு பறிக்கக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

லப்டொப் என் தம்பி 2014 இல் கட்டாரிலிருந்து வரும்போது கொண்டு வந்தது. இன்டெல் ஐ5, நான்காம் தலைமுறை, 8 ஜிபி ராம். இப்போது உயர்தரம் படிக்கும் மகள்தான் பாவிக்கிறாள். விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ள வழி கொடுத்தார்கள், அதுவும் ஒரு வருடக் கதைதான். விண்டோஸ் 11 க்குப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். எனவே லினக்ஸுக்கு மாறுவோம் என்று நாங்களே முடிவெடுத்துத்தான் கடைக்குப் போனோம்.

அங்கே இருந்தவர் லப்டொப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது.

“அக்கா, இந்த மெசினுக்கு லினக்ஸ் பிரீமியம் போட்டாத்தான் சரிவரும். லைசன்ஸ் ஒரு வருசத்துக்கு ஏழாயிரம். பிறகு வருசா வருசம் கொண்டு வாங்கோ, புதுப்பிச்சுத் தாறன்.”

“லினக்ஸ் சும்மா கிடைக்கும் எண்டுதானே தம்பி சொல்லுறாங்க?”

“அது வெறும் லினக்ஸ் அக்கா. அதில தமிழ் வராது, பிரிண்டர் வேலை செய்யாது. இது கொம்பனி லினக்ஸ்.”

பில்லில் ‘ஓ.எஸ். லைசன்ஸ், 1 வருடம், 7000’ என்றும் ‘இன்ஸ்டலேஷன் 2500’ என்றும் கையால் எழுதித் தந்தார். அந்தப் பில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒருவர் நேரம் செலவழித்து வேலை செய்தால் கூலி கொடுக்க வேண்டும். லினக்ஸின் பெரும்பகுதிக்கு இருக்கும் ஜிபிஎல் உரிமம்கூட, பிரதி எடுத்துக் கொடுப்பதற்கும் போட்டுக் கொடுப்பதற்கும் காசு வாங்கலாம் என்றுதான் சொல்கிறது. பொதுக் கிணற்றுத் தண்ணீரை வீட்டு வாசலில் கொண்டு வந்து வைப்பவருக்குக் கூலி கொடுப்போம். கிணறே தன்னுடையது, வருடம் ஒருமுறை வாடகை கட்டு என்றால் அது வேறு கதை. ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: காசு கொடுத்து வாங்கும் லினக்ஸும் இருக்கிறது. ஸோரின் ஓ.எஸ். இல் ‘ப்ரோ’ என்ற பதிப்புக்குக் காசு, ‘கோர்’ இலவசம். பெரிய நிறுவனங்கள் ரெட் ஹட்டுக்கு வருடச் சந்தா கட்டுகின்றன. எங்கள் லப்டொப்பில் இருந்தது இவை எதுவும் இல்லை.

திரும்பி வந்த லப்டொப் பார்க்க விண்டோஸ் 11 போலவே இருந்தது. நடுவில் ஐகொன்கள், அதே நீலப் பூப் படம். மகள் அன்று மாலையே குரோம் போடப் பார்த்தாள், ஏறவில்லை. எதை நிறுவப் போனாலும் அட்மின் பஸ்வேர்ட் கேட்டது. கடைக்கு அழைத்தால், “அது லைசன்ஸோட சேர்ந்தது அக்கா, வெளியில குடுக்கேலாது” என்றார்கள். வாங்கிப் பதினொரு வருடமான எங்கள் சொந்தப் பொருளுக்குச் சாவி கடையில் இருந்தது. எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி, கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறார். அவரை வரச்சொன்னோம். அவர் செய்த முதல் வேலை, மெனுவில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் போய் ‘சிஸ்டம் இன்ஃபோ’ என்பதைத் திறந்ததுதான். அதற்குப் பஸ்வேர்ட் தேவைப்படவில்லை. திரையில் தெரிந்தது: லினக்ஸ் மின்ட் 19.3, 32 பிட் (பழைய ப்ரொசெஸர்களுக்கான வகை), நினைவகம் 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு.

மின்ட் 19.3 வெளிவந்தது 2019 டிசம்பரில். அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10 க்கு அப்டேட் வராது என்று பயந்து போன எங்களுக்கு, அதற்கும் முன்பே அப்டேட் நின்றுபோன ஒன்றைப் போட்டுக் கொடுத்து, ஒரு வருட லைசன்ஸ் என்று காசும் வாங்கியிருக்கிறார்கள். மின்டில் கீழ் மூலையில் கேடயப் படத்தோடு அப்டேட் மனேஜர் இருக்கும். அதையும் தெரியாதபடி நிறுத்தி வைத்திருந்தார்கள். குரோம் ஏறாததற்குக் காரணம் அந்த 32 பிட்தான். 32 பிட் லினக்ஸுக்குக் குரோம் கொடுப்பதை கூகுள் 2016 இலேயே நிறுத்திவிட்டது. நான்காம் தலைமுறை ஐ5 முழுமையான 64 பிட் ப்ரொசெஸர். அதில் 32 பிட்டைப் போட ஒரு காரணமும் இல்லை. அல்லது, காரணம் அடுத்து வருவது.

8 ஜிபி எங்கே? கடைக்கு அழைத்தேன். “32 பிட் எண்டா 4 ஜிபிதான் காட்டும் அக்கா. ராம் உள்ளுக்கத்தான் இருக்கு” என்றார். பழைய விண்டோஸ் 32 பிட் பாவித்த பலருக்கு இது சரியான பதில் போலத் தெரியும், அங்கே அப்படித்தான் இருந்தது. லினக்ஸில் அப்படி இல்லை. மின்ட் 32 பிட்டில் பிஏஇ என்ற முறை இருப்பதால் 4 ஜிபிக்கு மேலே உள்ளதையும் காட்டும், பாவிக்கும். தனி ஒரு நிரல் மட்டும் சுமார் 3 ஜிபிக்கு மேல் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

சந்தேகமே வேண்டாம் என்று பக்கத்து வீட்டுத் தம்பி லப்டொப்பை நிறுத்தி, திரும்பப் போடும்போது எஃப்2 ஐ அழுத்தி, இயங்குதளம் தொடங்கும் முன் வரும் பயோஸ் திரைக்குள் போனார். அங்கே எந்த இயங்குதளமும் இல்லை, பொய் சொல்ல ஆளும் இல்லை. ‘டோட்டல் மெமரி 4096 எம்பி’ என்று இருந்தது. பிறகு லப்டொப்பைக் கவிழ்த்தார். கடல் காற்றில் அடிப்பக்கத் திருகாணிகள் எல்லாமே பழுப்பேறித் துருவாக இருந்தன. ராம் மூடியின் இரண்டு திருகாணிகளில் மட்டும் தலை கீறுப்பட்டு உள்ளே உலோகம் பளிச்சென்று தெரிந்தது. மூடியைக் கழற்றினால், ராம் செருகும் இரண்டு சிலொட்டுகளில் ஒன்றில் 4 ஜிபி, மற்றது காலி. காலியான சிலொட்டின் பற்களில் தூசி இல்லை, அதைச் சுற்றி மட்டும் பதினொரு வருடத் தூசி.

எங்களிடம் ஆதாரம் இருந்தது. விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்க்க, கடைக்குக் கொடுக்கும் முன் மகள் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தைப் போனில் படம் எடுத்திருந்தாள். ‘இன்ஸ்டோல்ட் ராம் 8.00 ஜிபி’ என்று தெளிவாக இருக்கிறது. அதையும் காலி சிலொட்டின் படத்தையும் கொண்டு போய்க் காட்டினோம். முதலில் லப்டொப் வரும்போதே அப்படித்தான் வந்தது என்றார். படத்தின் திகதியைக் காட்டியதும், வேலை செய்த பெடியன் இப்போது இல்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அப்புறம் போன் எடுப்பதில்லை.

கடையில் சொன்ன மற்ற இரண்டு விஷயங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் லினக்ஸுக்குப் பயப்படுவது இவற்றால்தான். தமிழ் வரும். யுனிகோட் தமிழ் ஒன்றும் செய்யாமலே தெரியும். தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருளையும் போட்டால் தமிழ்99, ஒலிப்பு முறை, ரெங்கநாதன் ஆகிய விசைப்பலகை முறைகள் எல்லாம் கிடைக்கும். பாடசாலைகளில் இன்னும் சுற்றும், யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பழைய விண்டோஸிலிருந்து பாமினி எழுத்துரு கோப்பை எடுத்து வந்து இருமுறை சொடுக்கி நிறுவினால் மகளின் குறிப்புகள் மாதிரி உங்களுடையதும் திறக்கும். பிரிண்டரும் பெரும்பாலும் வேலை செய்யும். எச்பிக்கு வேண்டியது மின்டிலேயே இருக்கிறது. கெனன் எல்பிபி லேசர் வகையில் சிலதுக்குத்தான் ட்ரைவரைத் தனியாகத் தேடிப் போட வேண்டும்.

இப்போது எதைத் தெரிவு செய்வது என்ற கேள்வி. எங்களுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி போட்டுத் தந்தது மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு, 64 பிட். அந்த 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ நன்றாக ஓடும், 8 ஜிபி இருந்தால் மின்டின் முக்கியப் பதிப்பான சினமனையே போடலாம். 2 ஜிபிதான் என்றால் லுபுண்டு, அன்டிஎக்ஸ் என்ற இன்னும் இலகுவான லினக்ஸ்களைப் பாருங்கள், ஆனால் அதில் பிரவுசரில் பல தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு சூமில் வகுப்பும் பார்க்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்த லினக்ஸாலும் இல்லாத ராமைத் தர முடியாது. உண்மையாகவே 32 பிட் மட்டும் உள்ள பழைய அட்டம் ப்ரொசெஸர் நெட்புக் (சின்ன லப்டொப்) வைத்திருப்பவர்களுக்கு வழி சுருங்கிக்கொண்டே வருகிறது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 இல் 32 பிட்டுக்கான நிறுவி இல்லை. டெபியன் 12 க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருக்கிறது, அதைப் போடலாம். இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கோடு இருக்கும் லப்டொப்பென்றால், எந்த இயங்குதளம் என்று யோசிப்பதற்கு முன் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். வேகத்தில் அது செய்யும் மாற்றத்தை வேறு எதுவும் செய்யாது.

தெரிவு செய்ததைப் போடுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பென் டிரைவில் எழுதி அதிலிருந்து லப்டொப்பைத் தொடக்கினால், உள்ளே இருப்பது ஒன்றும் அழியாமல் லினக்ஸ் திரைக்கு வரும். அப்படியே வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமெரா தெரிகிறதா என்று பாருங்கள். புரோட்கொம் வைஃபை உள்ள சில லப்டொப்களுக்கு ட்ரைவர் மனேஜரில் ட்ரைவர் போட்ட பிறகுதான் பிடிக்கும். கடையில் கொடுத்தாலும் இதை உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் லப்டொப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். லினக்ஸ் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) எங்கிருந்து இறக்கினார்கள் என்றும் கேளுங்கள். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்டின் சொந்தத் தளத்தையே ஊடுருவி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவைச் சிலருக்கு இறக்கவைத்தார்கள். தளத்தில் சரிபார்ப்பு எண்ணும் தருகிறார்கள், இறக்கிய கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க. யாரோ எப்போதோ எழுதிய கடைப் பென் டிரைவை நம்பாதீர்கள்.

லப்டொப்பைக் கையில் கொடுக்கும்போது பயோஸ் திரையைப் படம் எடுங்கள். லப்டொப்பைப் பொறுத்து எஃப்2, எஃப்10 அல்லது டிலீட். திரும்ப வாங்கும்போது காசு கொடுப்பதற்கு முன் அதே திரையைக் கடையிலேயே பாருங்கள். மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் பஸ் ஏறி டவுனுக்கு வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், திரும்பத் திரும்ப வந்து சண்டை பிடிக்க அவர்களால் முடியாது என்பது கடைக்காரருக்கும் தெரியும். அட்மின் பஸ்வேர்டை அங்கேயே வாங்கி, அங்கேயே மாற்றிவிடுங்கள். இயங்குதளத்தின் பெயர், பதிப்பு எண், எத்தனை பிட் என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை.

எங்கள் முறைப்பாடு அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் இருக்கிறது. விசாரிக்க விரும்புபவர்கள் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மகளின் லப்டொப் இப்போது 4 ஜிபியோடு ஓடுகிறது. மற்ற சிலொட்டுக்கு டிடிஆர்3எல் வகை 4 ஜிபி ராம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம், யாரிடமாவது நல்ல நிலையில் இருந்தால் சொல்லுங்கள். ‘ஓ.எஸ். லைசன்ஸ், 1 வருடம்’ என்று கையால் எழுதிய பில் உங்கள் வீட்டிலும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். சிஸ்டம் இன்ஃபோவையும் பயோஸையும் இன்றைக்கே திறந்து பாருங்கள், ஏதும் குறைந்திருந்தால் படங்களோடு நீங்களும் எழுதிக் கொடுங்கள். ஒரு வீட்டின் முறைப்பாட்டைவிட நாலு வீட்டின் முறைப்பாட்டுக்குக் கனம் அதிகம்.