எண்ணெய்க் கல், நீர்க் கல், வைரத் தகடு: மாடிக் கொட்டகையில் உளி தீட்ட எது உகந்தது?

மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் தங்கள் கொட்டகையைச் சுற்றிக் காட்டும்போது, மேசை ரம்பத்தையும் இழைப்புளி அடுக்கையும் நின்று நிதானமாகக் காட்டிவிட்டு, உளி தீட்டும் மூலையை இரண்டே நொடியில் கடந்துவிடுகிறார்கள். நான் நெருங்கிப் பார்க்க விரும்புவது அந்த மூலையைத்தான். திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரை வேய்ந்த 10க்கு 8 அடிக் கொட்டகையில், கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று வகைத் தீட்டுக் கற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டேன்: முதலில் எண்ணெய்க் கல், பிறகு நீர்க் கல், இப்போது மூன்று ஆண்டுகளாக வைரத் தகடு. இனி மாறுவதாக இல்லை. அதற்கான காரணத்தை, மற்ற இரண்டின் நியாயத்தையும் மறைக்காமல், எழுதிவைக்கிறேன்.

முதலில் வாதத்திற்கு இடமில்லாதவற்றை ஒதுக்கிவிடலாம். மூன்றிலுமே உளி கூராகும். மயிர் சிரைக்கும் அளவுக்குக் கூராக்குவது கையின் பழக்கத்தைப் பொறுத்தது. 25 பாகையில் உளியின் சரிவை அமைத்து, வெட்டும் விளிம்பான வாயில் மட்டும் 30 பாகையில் நான்கு இழுப்பு இழுக்கும் வழக்கம் எந்தக் கல்லுக்கும் பொருந்தும். விலையில் எண்ணெய்க் கல் சில நூறு ரூபாய். மற்ற இரண்டும் நல்லதாக வாங்கினால் சில ஆயிரம். தெருவில் சைக்கிளில் சாணைச் சக்கரம் கொண்டுவருபவரிடம் அரிவாள்மணையையும் கத்தரிக்கோலையும் கொடுக்கலாம், உளியைக் கொடுக்க வேண்டாம். அதிவேகச் சக்கரத்தில் உளியின் வாய் ஒருமுறை நீலம் பாரித்துவிட்டால், அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று பொருள்.

எண்ணெய்க் கல்லிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர் இரும்புக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன் கொண்ட, ஒரு முகம் முரடாகவும் மறுமுகம் ‘நைஸா’கவும் இருக்கும் கரும்சாம்பல் நிறக் கல். அது சிலிக்கன் கார்பைடு; 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் தற்செயலாகக் கண்டடைந்து கார்போரண்டம் என்று பெயரிட்ட பொருள். 1954இல் முருகப்பா குழுமம், ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் தேய்ப்புப் பொருள்கள் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. இந்தக் கல்லின் பெருமை அதன் எளிமை. இரண்டு சொட்டு எண்ணெய் போதும்; ஊறவைக்க வேண்டியதில்லை; எண்ணெய் இருப்பதால் உளியும் துருப்பிடிப்பதில்லை. தேங்காய் எண்ணெயை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது நாளடைவில் பிசினாகிக் கல்லின் கண்களை அடைத்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் நன்றாகவே வேலை செய்கிறது.

இவ்வளவு நல்ல கல்லை நான் ஏன் விட்டேன் என்பதில்தான் இந்த ஒப்பீட்டின் முடிவு அடங்கியிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் பழைய தேக்குச் சட்டங்களைக் கொண்டு ஒரு சிறு முக்காலி செய்துகொண்டிருந்தேன். கழுந்தின் (துளைக்குள் நுழையும் முனையின்) தோளை உளியால் சீவிச் சமன் செய்யும்போது, எத்தனை முறை சீவினாலும் உளி மரத்தில் படிந்து போகாமல் மேலேறிக்கொண்டே இருந்தது. மூலைமட்டத்தைச் சந்தேகித்தேன், மரத்தின் ரேகையைச் சந்தேகித்தேன், என் மணிக்கட்டையும் சந்தேகித்தேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலையில், எஃகு அளவுகோலின் விளிம்பைக் கல்லின் மீது நிறுத்தி, பின்னால் டியூப் லைட் தெரியும்படி கண்ணருகே தூக்கிப் பார்த்தேன். இரு முனைகளிலும் கோல் கல்லைத் தொட்டது. நடுவில் பிறை நிலா போல வெளிச்சம் தெரிந்தது. கல் நடுவில் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியில் நான் மாதக்கணக்கில் தேய்த்த உளியின் தட்டைப் பக்கம், குழியின் வடிவத்தை அப்படியே ஏற்று, வயிறு தள்ளியதுபோல் புடைத்திருந்தது.

உளியின் தட்டைப் பக்கம்தான் அதற்கு வழிகாட்டி. அது மட்டமாக இருந்தால் ஏற்கெனவே சீவிய பரப்பில் படிந்து, அதே தளத்தில் அடுத்த சீவலை எடுக்கும்; புடைத்திருந்தால், வாய் மரத்தைத் தொடுவதற்கே கைப்பிடியைத் தூக்க வேண்டியிருக்கும், தூக்கினால் உளி மரத்துக்குள் பாயும். ஆக, கூர் குறைந்த உளியை ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். தட்டைப் பக்கம் புடைத்த அகல உளியைச் சரிசெய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. இதனால்தான், எந்தக் கல் வேகமாகத் தேய்க்கிறது, எது கண்ணாடி போல் மெருகேற்றுகிறது என்ற கேள்விகளை விட, எது மட்டமாகவே இருக்கிறது, மட்டமாக வைத்திருக்க எவ்வளவு உழைக்க வேண்டும் என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கதவு, நிலைகள் செய்யும் தச்சர் ஒருவரிடம் என் கல்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருடைய கல் என்னுடையதை விட ஆழமாகக் குழிந்திருந்தது. ஆனால் அவர் உளியில் குறை ஒன்றும் இல்லை. “சார், சரிவைத்தான் இந்தப் பக்கம் தேய்ப்பேன். முதுகை இங்க வைக்கவே மாட்டேன்” என்று சொல்லி, கல்லைப் புரட்டி, தட்டைப் பக்கத்துக்கென்றே அவர் ஒதுக்கிவைத்திருந்த மறுமுகத்தைக் காட்டினார். அது மட்டமாகவே இருந்தது. “நடுவுல மட்டும் தேய்க்காதீங்க. கல்லோட நாலு மூலையும் உளியைப் பார்க்கணும்” என்றார். இழைப்புளித் தகட்டின் வாய் சற்றே வளைந்திருந்தால் அதன் மூலைகள் மரத்தில் கோடு போடாது என்பதால், குழிந்த கல் அவருக்கு அங்கே உதவியாகவும் இருந்தது. நாள்தோறும் தீட்டும் கைக்கு இந்த ஒழுங்கு இயல்பாக வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கொட்டகைக்குப் போகும் என்போன்றவருக்கு அது கைகூடுவது கடினம்.

அடுத்து ஜப்பானிய நீர்க் கல். ஒரு முகம் 1000, மறுமுகம் 6000 எண் கொண்ட கல் ஒன்றை வாங்கினேன் (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்). முதல் நாள் அது தந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது: நீரில் ஊறிய கல்லின் மேல் உளி வழுக்கிக்கொண்டு போகும், சாம்பல் நிறச் சேறு திரண்டு வரும், இருபது இழுப்பில் பிசிறு எழுந்து விரலில் தட்டுப்படும், 6000இல் முடித்தால் உளியின் வாயில் முகம் தெரியும். மென்மரத்தின் வெட்டுமுகத்தை (குறுக்கே அறுத்த முகத்தை) சீவும்போது, நீர்க் கல்லில் முடித்த உளி விட்டுச்செல்லும் பளபளப்பை வைரத் தகடு மட்டும் தருவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீர்க் கல் வேகமாகத் தேய்ப்பதற்குக் காரணமே, அது தானும் வேகமாகத் தேய்ந்து புதுத் துகள்களை வெளிக்காட்டுவதுதான். எனவே எண்ணெய்க் கல்லில் மூன்று ஆண்டில் விழுந்த குழி, இதில் சில அமர்வுகளிலேயே விழுகிறது. ஒவ்வொரு முறையும் தீட்டத் தொடங்குமுன் கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, தடித்த கண்ணாடித் துண்டின்மேல் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லை அதன்மேல் தேய்க்க வேண்டும். விளிம்புக் கோடுகள் முதலில் அழியும். நடுவிலுள்ள கோடுகள் பிடிவாதமாக நிற்கும். அவையும் அழிந்தால்தான் கல் மட்டமானதாகக் கொள்ளலாம். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், ஒரு பகலில் மூன்று நான்கு முறை தீட்ட நேரும். ஒவ்வொரு முறையும் இந்தச் சடங்கு என்றால், ‘இன்னும் கொஞ்ச நேரம் இந்த உளியே போதும்’ என்று மனம் தள்ளிப்போடத் தொடங்கிவிடும். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளித்தான் இடது கட்டை விரலில் ஒரு முறை காயம்பட்டேன்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள் வேறு. கல்லை எப்போதும் ஊறவைக்கலாம் என்று மூடியில்லாத பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தேன். தொட்டி நிறையக் கொசுப்புழு. இன்னொன்று துரு. கடற்காற்று வீசும் மாடியில், நீரில் தீட்டிய உளியைத் துடைத்து எண்ணெய் பூச மறந்தால், மறுநாள் காலையிலேயே செம்புள்ளிகள் தெரியும். கற்களிலும் எல்லாம் ஊறவைக்கத் தக்கவை அல்ல. துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு சிலவகையாக இருந்தால், நீரில் கிடக்கும் கல்லில் விரிசல் விழுந்துவிடும்.

கண்ணாடிமேல் வாட்டர் பேப்பரை ஒட்டி அதிலேயே உளியைத் தீட்டும் வழியும் உண்டு. தொடங்குபவருக்குச் செலவு குறைவு, மட்டமும் உறுதி. ஆனால் காகிதம் கிழிந்துகொண்டே இருக்கும், ஓராண்டுச் செலவைக் கூட்டினால் தகட்டின் விலையை நெருங்கிவிடும்.

இனி நான் தேர்ந்தெடுத்த வைரத் தகடு. எஃகுத் தகட்டின்மேல் செயற்கை வைரத் துகள்களை நிக்கல் மின்முலாம் கொண்டு ஒற்றை அடுக்காகப் பிடித்துவைத்திருக்கிறார்கள். தேய்ந்து குழிவதற்கு அதில் கல் என்று ஒன்றும் இல்லை. வாங்கும்போது மட்டமாக இருந்தால் கடைசி வரை மட்டமாகவே இருக்கும். என்னிடம் 400, 1000 என இரண்டு தகடுகள், ஒரே பலகையில் அருகருகே பதித்து, கொட்டகைக் கதவையொட்டிய மேசையில் எப்போதும் திறந்தே இருக்கின்றன. அதனருகே, பழைய இடுப்பு வாரின் தோலை பிளைவுட்டில் ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை தடவிய மெருகுப் பலகை. வேலை நடுவே உளி மழுங்கினால், இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய்; 1000இல் பத்துப் பதினைந்து இழுப்பு; பிசிறை எடுக்கத் தட்டைப் பக்கத்தில் இரண்டு; தோலில் இருபது, முப்பது இழுப்பு. இரண்டு நிமிடத்தில் மீண்டும் மரத்தின் முன் நிற்பேன். பிரிட்டிஷ் மரவேலை ஆசிரியர் பால் செல்லர்ஸ் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருவதும் ஏறத்தாழ இதே முறைதான். லாரிப் பட்டையில் கொல்லர் அடித்துத் தந்த என் முரட்டு உளியானாலும், கடையில் வாங்கிய கடின எஃகு உளியானாலும் தகடு வேறுபாடு பார்ப்பதில்லை. எண்ணெய் பயன்படுத்துவதால் துருவின் தொல்லையும் நீங்கியது.

குறைகள் இல்லாமல் இல்லை. நான் வாங்கிய முதல் மலிவுத் தகடு நடுவில் புடைத்திருந்தது. வந்ததும் அளவுகோலை வைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்ததால் உடனே திருப்பி அனுப்பினேன். புதுத் தகடு முதல் சில வாரங்கள் முரட்டுத்தனமாகக் கீறும், பிறகுதான் அடங்கும். அழுத்தித் தேய்த்தால் துகள்கள் பிடுங்கிக்கொள்ளும். நயமான தகட்டைக் கொண்டு வேறு கல்லைச் சமப்படுத்த முயன்றாலும் அதே கதிதான். வாய் பெரிதாக உடைந்த உளியை 400இல் சரிசெய்யக் கை வலிக்கும். என் அனுபவம் மூன்று ஆண்டுகள் மட்டுமே. 1000 எண் தகடு தொடக்கத்தில் இருந்ததை விட மெதுவாகத்தான் இப்போது தேய்க்கிறது. பத்தாண்டுக் கணக்கை என் கையை வைத்து நான் எழுத முடியாது. இரும்பும் எஃகும் சேர்த்தடித்த ஜப்பானிய உளியை நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரமே பயன்படுத்தினேன். அவற்றை வைத்திருப்பவர்கள் நீர்க் கல்லை விடாமல் இருப்பதை நான் மறுத்துப் பேச மாட்டேன். சிறு பெட்டிகள், மென்மரத்தில் நுண்ணிய பொருத்துகள் என்றே வேலை செய்பவருக்கும் நீர்க் கல் தகும்.

புதிதாகத் தொடங்குபவர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், 1000 எண் வைரத் தகடு ஒன்றும் ஒரு தோல் துண்டும் போதும். முரட்டுத் தகட்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எண் பார்க்கும்போது, ஜப்பானியக் கல்லின் 1000மும் தகட்டின் 1000மும் ஒரே நுண்மை அல்ல என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் குழிந்த எண்ணெய்க் கல் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். வெளிப்புறம் சரிவுள்ள குழி உளியை (வாய் வளைந்த உளியை) அந்தப் பள்ளத்தில் உருட்டி உருட்டித் தேய்த்தால், மட்டமான தகட்டில் வருவதை விட வளைவு சீராக வருகிறது. என் பழைய கல் இப்போது அந்த ஒரு வேலைக்காக, எண்ணெய்த் துணியில் சுற்றி, தகட்டுப் பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.